தனித்தொழிலும் தன்விருப்பமும்

(சங்க ஆண்டு விழாவில் மின்னணுப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே வழக்கம். திருக்குறள் வகுப்பும் கம்பன் சொற்பொழிவும் கண்ட இம்மேடையில், கம்பியும் ஈயமும் கொண்டு காலம் கழிக்கும் ஒருவனுக்கு இன்று இடம் அளித்திருக்கின்றீர்கள். அதற்குக் காரணமும் உண்டு. சில திங்களாகவே நம் காலனியில் ஒரு கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்துகொண்டிருக்கின்றது. பொறியியல் கற்ற பிள்ளைகள் சிலர், கிடைத்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, "நாங்கள் தனித்தே தொழில் செய்யப் போகின்றோம்" என்கின்றனர். பெற்றோர் உறக்கம் இழக்கின்றனர். "இது ஒரு பிழைப்பாகுமா? நாளை பெண் கேட்கப் போனால் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று சொல்வது?" என்று என்னிடம் வந்து கேட்கின்றனர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தொழிலிலேயே இருப்பவன் என்பதால், விடை கூறும் கடமை என்மேல் விழுந்தது.

மும்பையில் வாழும் தமிழராகிய நாம் பெரும்பாலும் சம்பளத்தை நம்பி இங்கு வந்தவர்கள். இரயில்வேயிலும் வங்கியிலும் அணுசக்தி நிலையத்திலும் நம் முன்னோர் அமர்ந்தனர். மாதம் முடிந்ததும் கைக்கு வரும் ஊதியமே ஊரை விட்டு வந்த குடும்பத்துக்கு வேராக இருந்தது. ஆகவே சம்பளமில்லாத் தொழில் என்றவுடன் நமக்கு அச்சம் பிறப்பது இயல்பே. அந்த அச்சத்தை நான் இகழ மாட்டேன். அது நம்மைக் காத்த அச்சம். ஆனால் அச்சம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு பிள்ளைகளின் திறத்தை அளத்தல் கூடாது என்பதே என் கருத்து.

முதலில், தனித்தொழில் செய்யும் மின்னணுப் பொறியாளன் என்ன செய்கின்றான் என்பதைக் கூறுகின்றேன். அவன் ஒரு நிறுவனத்தின் பணியாளன் அல்லன். கடை வைத்து வாணிகம் செய்பவனும் அல்லன். நம் ஊரில் கோயில் தேருக்கு அச்சு முறிந்தால் ஆசாரியை அழைப்பார்கள் அன்றோ? அவர் வருவார், பார்ப்பார், மரம் சொல்வார், கூலி பேசுவார், வேலை முடித்துச் செல்வார். அடுத்த நாள் வேறொரு வீட்டுக் கதவுக்கு நிலை வைப்பார். அதுபோன்றதே இத்தொழிலும். பிவண்டியில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவருக்கு, நூல் அறுந்த மாத்திரத்தில் தறி தானே நிற்க வேண்டும். டோம்பிவ்லியில் சாயப்பட்டறை நடத்தும் ஒருவருக்கு, கொதிகலத்தின் சூடு இரண்டு பாகைக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. இவற்றுக்கெனப் பெரிய நிறுவனம் கருவி செய்து தராது. செய்தாலும் விலை கட்டாது. ஆகவே எங்களைத் தேடி வருகின்றனர். நாங்கள் தேவையைக் கேட்டறிந்து, மின்சுற்றை வரைந்து, லாமிங்டன் சாலைக் கடைகளில் உறுப்புகளை வாங்கி, பலகையில் பொருத்தி, தறியின் தூசியிலும் சாயத்தின் ஆவியிலும் அது தாங்குகின்றதா எனச் சோதித்துக் கொடுக்கின்றோம்.

இத்தொழிலின் பெருமையை விளக்க என் கதை போதாது. உலகமே அறிய வேண்டிய ஒருவரின் வரலாற்றைச் சொல்லுகின்றேன். அவர் பெயர் ஹான்ஸ் காமென்சிண்ட். 1934 ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். 1960 இல் அமெரிக்கா சென்று அங்கே மேற்படிப்புப் படித்துப் பொறியாளரானார். 1968 இல் கலிபோர்னியாவில் சிக்னெடிக்ஸ் என்னும் நிறுவனத்தில் சேர்ந்தார். பல டிரான்சிஸ்டர்களை ஒரே சிலிக்கன் துண்டில் அமைக்கும் தொகுசுற்றுகளைச் செய்த நிறுவனம் அது. டிரான்சிஸ்டர் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947 இல் பிறந்தது; தொகுசுற்றை ஜாக் கில்பி 1958 இல் செய்து காட்டினார். ஆக, காமென்சிண்ட் சென்றபோது அத்துறைக்கு வயது பத்தே ஆண்டுகள்தாம்.

1970 இல் அமெரிக்காவில் தொழில் மந்தம் ஏற்பட்டது. நிறுவனத்தில் ஆட்குறைப்பு நிகழ்ந்தது. அவ்வேளையில் காமென்சிண்ட் செய்த செயலைக் கவனியுங்கள். எல்லோரும் நாற்காலியை இறுகப் பற்றிக்கொள்ளும் காலத்தில், அவர் தாமே வேலையை விட்டு விலகி, ஒரு புதிய சுற்றைத் தனியாக இருந்து வடிவமைத்துத் தருவதாகவும், அதற்கு ஒப்பந்த ஊதியம் தந்து கருவிகளை இரவல் தந்தால் போதும் என்றும் அந்நிறுவனத்தையே கேட்டார். அங்கிருந்த பொறியாளர் சிலர், "இதைக் கையிலிருக்கும் உறுப்புகளைக் கொண்டே செய்துகொள்ளலாமே, புதிதாக எதற்கு?" என்றனர். விற்பனைப் பொறுப்பில் இருந்தவர் ஒருவர் அதன் பயனை உணர்ந்து ஆதரித்தமையால் ஒப்பந்தம் கிடைத்தது.

சன்னிவேல் நகரில் இரண்டு சீன உணவகங்களுக்கு நடுவே ஒரு சிறிய அறை. அதுவே அவர் பணிமனை. ஆண்டு வருவாய் 15,000 டாலருக்கும் குறைவு. வீட்டில் மனைவியும் நான்கு குழந்தைகளும். பெற்றோர்களே, உங்கள் அச்சம் முழுவதும் அந்த அறைக்குள் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த அறையில் பிறந்ததே 555 என்னும் எண் பூண்ட காலக்கணிப்புச் சில்லு. அது வேலை செய்யும் விதத்தை இல்லத்தரசிமார்க்கும் விளங்கும் வண்ணம் கூற முயல்கின்றேன். நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு குழாய் வழியே நீர் நிறைகின்றது. தொட்டியின் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தவுடன் ஒரு காவலாளி அடி மதகைத் திறந்துவிடுகின்றான். நீர் இறங்கி மூன்றில் ஒரு பங்குக்கு வந்தவுடன் மற்றொரு காவலாளி மதகை மூடிவிடுகின்றான். மீண்டும் நிறைகின்றது, மீண்டும் வடிகின்றது. குழாய் சிறிதாயின் நேரம் நீளும், பெரிதாயின் குறையும். ஆக, குழாயையும் தொட்டியையும் மாற்றுவதாலேயே நாம் விரும்பிய காலத்தை அளந்துகொள்ளலாம். தொட்டி என்பது மின்தேக்கி. குழாய் என்பது மின்தடை. காவலாளிகள் இருவரும் சில்லின் உள்ளே இருக்கும் ஒப்பளவிகள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்னும் எல்லைகள் மின்னழுத்தத்தோடு சேர்ந்தே உயர்ந்து தாழ்வதால், மின்கலம் புதிதாயினும் பழையதாயினும் காலக் கணக்கு பெரிதும் மாறுவதில்லை. ஏறத்தாழ 25 டிரான்சிஸ்டர்களும் 15 மின்தடைகளுமே கொண்ட எளிய அமைப்பு அது. இன்று கணிப்பொறி செய்யும் வேலையை அன்று அவர் கையாலேயே செய்தார். மேசைமேல் சுற்றைக் கட்டிச் சோதித்தார். பின்னர் ஒவ்வொரு கோட்டையும் பெரிய அளவில் வரைந்து, மெல்லிய செந்நிறத் தாளில் கத்தியால் அறுத்து எடுத்தார்.

1971 ஆம் ஆண்டுக் கோடையில் அவருடைய முதல் வடிவம் ஆராயப்பட்டு ஏற்கப்பட்டது. அதற்கு ஒன்பது கால்கள் வேண்டியிருந்தன. எட்டுக் கால் கொண்ட சிறிய கூடு மலிவு. ஒன்பதாயின் பதினான்கு கால் கொண்ட பெரிய கூட்டுக்குப் போக வேண்டும். வேலை முடிந்தது, ஒப்புதலும் கிடைத்தது; இனி என்ன என்று இருந்திருக்கலாம். அவர் அவ்வாறு இருக்கவில்லை. சீரான மின்னோட்டம் தரும் பகுதியை நீக்கிவிட்டு அவ்விடத்தில் ஒரு சாதாரண மின்தடையை வைத்தால் போதும் என்னும் எண்ணம் சில நாளில் அவருக்குத் தோன்றியது. ஒரு கால் குறைந்தது. அக்டோபரில் புதிய வடிவம் மீண்டும் ஆராயப்பட்டு ஒப்புக்கொள்ளப்பட்டது. 1972 இல் விற்பனைக்கு வந்தது. விலை முக்கால் டாலர். அந்த ஒரு கால் குறைந்ததனால்தான் அது பள்ளி மாணவன் கையிலும் கிடைக்கும் பொருளாயிற்று எனக் கூறலாம். வினைத்திட்பத்துக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஒப்புதல் பெற்ற பின்னும் ஓயாத மனத்துக்கே அப்பெயர் தகும்.

சிக்னெடிக்ஸ் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. அதனால் மற்ற நிறுவனங்களும் அதைச் செய்யத் தொடங்கின. விலை வீழ்ந்தது, பயன் பெருகியது. 2003 இல் ஆண்டொன்றுக்கு நூறு கோடி என்னும் அளவில் அது செய்யப்பட்டதாக மதிப்பிட்டனர். மின்விளக்கு மினுக்கும் பொம்மை முதல் தொழிற்சாலை இயந்திரம் வரை அது நுழையாத இடம் அரிது. நான் பிவண்டித் தறிக்குச் செய்த முதற்கருவியிலும் அதுவே இருந்தது. சம்பளம் விட்டு வந்த ஒருவர், சிற்றறையில் அமர்ந்து செய்த பொருள் அது.

இனி அவருடைய பொழுதுபோக்குக்கு வருவோம். அவர் தம் வாழ்நாளில் 140 அளவில் சில்லுகளை வடிவமைத்தார். சொந்த நிறுவனமும் நடத்தினார். பிறகு அதை விற்றுவிட்டு மீண்டும் தனிப்பொறியாளராகவே நெடுங்காலம் உழைத்தார். பல்கலைக்கழகத்தில் பாடமும் சொன்னார். இத்தனைக்கும் இடையே எழுதினார். சில்லு வடிவமைப்பைப் பற்றி எழுதிய நூல் தொழில் சார்ந்தது, அதை விடுங்கள். மின்சாரத்தையும் மின்னணுவையும் மனிதன் கண்டறிந்த நெடிய வரலாற்றைப் பொதுமக்கள் படிக்கும் வண்ணம் ஒரு நூலாக எழுதி 2007 இல் வெளியிட்டார். ஜான் பென்டர் என்னும் புனைபெயரிலும் எழுதினார். 2012 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் 78 ஆம் வயதில் மறைந்தார்.

எழுத்து அவருக்கு வீண் பொழுதா? நான் அவ்வாறு கருதவில்லை. தனித்தொழில் செய்பவனுக்குச் சுற்றிலும் தோழர் இல்லை. மேலதிகாரியின் பாராட்டு இல்லை. வேலை வரும் திங்களில் உறக்கம் இல்லை. வேலை வராத திங்களில் மன அமைதி இல்லை. அந்த வெறுமையை எது நிரப்புகின்றதோ அதுவே அவனுடைய தொழிலைக் காக்கின்றது. எழுதுபவன் சொல்லைக் குறைக்கப் பழகுகின்றான். சொல்லைக் குறைக்கப் பழகியவன் சுற்றில் ஓர் உறுப்பைக் குறைக்கவும் பழகுகின்றான். என் அனுபவத்தில் கண்ட உண்மை இது.

இதற்கு நேர் எதிரான வழியில் வந்த மற்றொருவரும் உண்டு. பாரஸ்ட் மிம்ஸ் என்பவர் 1944 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். கல்லூரியில் அவர் படித்தது அரசியல், பொறியியல் அன்று. ஆயினும் இளமை முதலே மின்சுற்றும் ராக்கெட்டும் அவருடைய விருப்பம். 1969 இல் நண்பர்களோடு சேர்ந்து, விளையாட்டு ராக்கெட்டுகளுக்கு மின்னணுக் கருவி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். எம்.ஐ.டி.எஸ். என்னும் அந்நிறுவனமே பின்னர் 1975 இல் ஆல்டேர் என்னும் வீட்டுக் கணிப்பொறியால் புகழ்பெற்றது. மிம்ஸ் அதற்கு முன்பே அதை விட்டு விலகி, எழுத்தையே தொழிலாகக் கொண்டார். 1983 இல் வெளிவந்த அவருடைய தொடக்கநிலை மின்னணுவியல் நூலைப் பல இலட்சம் பேர் வாங்கினர். அதன் ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு படமும் அவர் கைப்பட எழுதி வரைந்தவை. 555 சில்லைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்பதற்கென்றே அவர் ஒரு சிறு கையேடும் எழுதினார். காமென்சிண்ட் செய்த சில்லைச் சிறுவர் கையில் கொண்டு சேர்த்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

அவருடைய பொழுதுபோக்கு யாது? சூரியனை அளப்பது. 1990 முதல் தம் வீட்டு வெளியில் நின்று, தாமே செய்த கையடக்கக் கருவியால் நாள்தோறும் சூரிய ஒளியை அளந்து வந்தார். வான்மண்டலத்தில் உள்ள ஓசோன் புறவூதாக் கதிரை எவ்வளவு தடுக்கின்றது என்பதை அக்கருவி காட்டும். அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் நிம்பஸ்-7 என்னும் செயற்கைக்கோளும் அதே ஓசோனை வானிலிருந்து அளந்தது. சில காலம் சென்றபின் இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை. ஒருபுறம் அரசாங்கத்தின் செயற்கைக்கோள். மறுபுறம் வயல்வெளியில் நிற்கும் ஒரு தனிமனிதர். யாருடைய அளவு சரியாக இருக்கும் என்று யாரைக் கேட்டாலும் செயற்கைக்கோள் என்றே சொல்வர். ஆனால் பிழை செயற்கைக்கோளின் பக்கமே இருந்தது என்று தெளிவாயிற்று. நேச்சர் என்னும் அறிவியல் இதழ் 1993 இல் அவர் கண்டதை வெளியிட்டது. அதே ஆண்டு ரோலெக்ஸ் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

இவ்விருவரையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவருக்குத் தொழில் மின்னணுவியல், விருப்பம் எழுத்து. மற்றவருக்குத் தொழில் எழுத்து, விருப்பம் மின்னணுவியல். இருவருக்கும் பொதுவானது ஒன்றே: தன் நேரத்துக்குத் தானே தலைவனாக இருந்தமை.

"இவை அனைத்தும் அமெரிக்காவில் நடந்தவை, இங்கு நடக்குமா?" என்று கேட்பீர்கள். நம் வீடுகளையே பாருங்கள். பிள்ளைகள் பாட்டு வகுப்பில் அமரும்போது எதிரே ஒரு சிறிய மின்னணுத் தம்பூரா ஒலிக்கின்றது அன்றோ? அத்தகைய கருவிகளை நம் நாட்டில் பரப்பியவர்களுள் ஒருவர் பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண் என்னும் பொறியாளர். விமானத் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர், புல்லாங்குழல் வாசிப்பவர். சுருதியைப் பற்றிய இசைக்கலைஞனின் ஏக்கமும் சுற்றைப் பற்றிய பொறியாளனின் அறிவும் ஒருவருள்ளே சேர்ந்தமையால் ராடெல் என்னும் நிறுவனம் பிறந்தது. இசையறியாத பொறியாளன் நூறு பேர் கூடினும் அத்தம்பூராவின் ஓசை அமைந்திராது.

அமெச்சூர் வானொலி என்னும் மற்றொரு விருப்பக் கலையும் இங்கு உண்டு. மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்றால், சொந்த வானொலி நிலையம் அமைத்து உலகெங்கும் உள்ள அன்பர்களோடு உரையாடலாம். கைப்பேசி வந்தபின் இதற்கு என்ன தேவை என்று நகைப்பவர் உளர். 2004 டிசம்பர்த் திங்களில் தில்லியிலிருந்து பாரதி பிரசாத் என்னும் அம்மையார் தம் குழுவினருடன் இந்த விருப்பக் கலையின் பொருட்டே அந்தமானுக்குச் சென்றிருந்தார். அம்மாதம் 26 ஆம் நாள் கடல் பொங்கியது. தொலைபேசித் தொடர்பு அற்றது. போர்ட் பிளேர் விடுதியில் அவர்கள் அமைத்திருந்த நிலையமே உற்றார் உறவினரைத் தேடித் தவித்தவர்க்குச் செய்தி சொல்லும் வாயாயிற்று. எத்தனையோ குடும்பங்களுக்கு "உயிரோடு இருக்கின்றார்" என்னும் ஒரு சொல் அவ்வழியே கிடைத்தது. அடுத்த ஆண்டு மே 5 ஆம் நாள் நம் விண்வெளி ஆய்வு நிறுவனம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்சாட் என்னும் சிறு செயற்கைக்கோளை இத்தகைய அன்பர்களுக்கென்றே ஏவியது. அது 2014 வரை பணி செய்தது. பொழுதுபோக்கு என்று நாம் எளிதாகச் சொல்லும் ஒன்று இடர்க்காலத்தில் என்ன ஆகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி இனிப்பல்லாத பகுதிக்கு வருகின்றேன். தனித்தொழிலில் துன்பம் இல்லையா? உண்டு, மிகவும் உண்டு. முதல் துன்பம் விலை பேசுவது. "பத்து ரூபாய்ச் சில்லுக்கு இவ்வளவா?" என்பர். சில்லின் விலை கண்ணுக்குத் தெரியும். சிந்தித்த இரவுகளின் விலை தெரியாது. இரண்டாவது துன்பம் பணம் வருவது. ஒரு தொழிற்சாலைக்குப் பன்னிரண்டு கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்து கொடுத்தேன். அவை வேலை செய்தன, அவர்கள் மகிழ்ந்தனர், பணம் மட்டும் எட்டுத் திங்கள் வரவில்லை. போகும்போதெல்லாம் தேநீர் கொடுத்து உபசரித்தனர். அவ்வெட்டுத் திங்களும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை என் மனைவியின் ஆசிரியர் சம்பளமே கட்டியது. தனித்தொழில் என்று நாம் பெருமையாகச் சொல்லும் ஒவ்வொன்றின் பின்னாலும் தனித்து நில்லாத ஒரு குடும்பம் நிற்கின்றது. அதை மறப்பவன் நன்றி மறந்தவன்.

ஆதலின் இத்தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர்க்குச் சில சொற்கள். முதலாவது, குறைந்தது ஓராண்டு வீட்டுச் செலவைச் சேமித்த பின்னரே சம்பளத்தை விடுங்கள். இரண்டாவது, எந்த வேலைக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு முன்பணம் வேண்டும். மூன்றாவது, சட்டத்தை அறியுங்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டம் 2006 இல் இயற்றப்பட்டது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழில் செய்பவர்க்கு, எந்த ஒப்பந்தம் எவ்வாறு இருப்பினும், பொருளையோ பணியையோ ஏற்றுக்கொண்டவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று அது கூறுகின்றது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். வழக்காடாமலே முறையிட மாநிலந்தோறும் அதற்கென மன்றமும் உண்டு. இதை அறிந்திருப்பதும், ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவைப்பதுமே பல வேளைகளில் போதுமானதாகின்றது. நான்காவது, கணக்கை நாள்தோறும் எழுதுங்கள். ஐந்தாவது, ஒரே வாடிக்கையாளரை நம்பி இராதீர்கள். ஒரே வாடிக்கையாளர் என்பது சலுகைகள் இல்லாத சம்பள வேலை.

ஆறாவதாகச் சொல்வதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கின்றேன். வாரத்தில் ஒரு நாளையேனும் கூலி இல்லாத வேலைக்கு ஒதுக்குங்கள். வீணையோ, வானொலியோ, மரச்செதுக்கோ, கதை எழுதுவதோ, எதுவாயினும் ஆகுக. யாரும் கேட்காததை, யாருக்கும் விற்காததைச் செய்யுங்கள். கூலிக்குச் செய்யும் வேலையில் நாம் அறிந்ததையே மீண்டும் செய்கின்றோம். விருப்பத்துக்குச் செய்யும் வேலையிலேதான் அறியாததைக் கற்கின்றோம். இன்று விளையாட்டாகக் கற்றது ஐந்தாண்டு கழித்துச் சோறு போடும். எல்.இ.டி. விளக்கு ஒளி தருவதோடு ஒளியை உணரவும் வல்லது என்பதை மிம்ஸ் தம் சோதனைகளாற் கண்டார். பின்னர் வான்மண்டலத்தின் தூசியை அளக்கும் எளிய கருவிகளில் அதுவே பயன்பட்டது.

பெற்றோர்க்கும் இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. தனித்தொழில் செய்யும் பிள்ளையை உறவினர் முன் "வீட்டில்தான் இருக்கின்றான்" என்று அறிமுகம் செய்யாதீர்கள். அச்சொல் வாடிக்கையாளர் தராத காயத்தைத் தரும். "கருவிகள் வடிவமைக்கின்றான்" என்று சொல்லுங்கள். பெண் கேட்கும் இடத்திலும் அவ்வாறே சொல்லுங்கள். அவர்கள் வருமானம் கேட்டால் ஒரு மாதத்தை அன்று, மூன்றாண்டுக் கணக்கைக் காட்டுங்கள். மாதத்தில் ஏறி இறங்குவது ஆண்டில் நிதானப்படும். இவ்வளவுக்குப் பிறகும் தொழில் நிலைபெறவில்லையாயின், பிள்ளை மீண்டும் சம்பளத்துக்குச் செல்வதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். தனித்து உழைத்து இரண்டாண்டில் கற்றது, பணியாளனாக இருந்து கற்பதினும் பெரிது.

சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். நம் சங்கக் கட்டடத்தின் பின்புறம் பழைய நாற்காலிகள் அடுக்கிய அறை ஒன்று உண்டு. அதைத் துப்புரவாக்கி, நீண்ட மேசை ஒன்றும், நான்கு சால்டரிங் அயர்ன்களும், ஓர் அளவுமானியும் வைத்துத் தந்தால், திங்களுக்கு ஒரு ஞாயிறு நம் பிள்ளைகளுக்கு மின்சுற்றுக் கட்டக் கற்றுக்கொடுக்க நான் வருகின்றேன். உறுப்புகளின் செலவு என்னுடையது. பெண்பிள்ளைகளும் வரவேண்டும், அவர்களே முதலில் வரவேண்டும். முதல் பாடம் 555 சில்லும் ஒரு சிறு விளக்கும். அது மினுங்கத் தொடங்கும் போது, தொட்டியில் நீர் நிறைந்து வடிவதைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே காண்பர். தமிழ் வகுப்பு முன்னறையில் நடக்கட்டும். மின்சுற்று வகுப்பு பின்னறையில் நடக்கட்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிள்ளைகள் ஓடிவரும் காலடி ஓசையே சங்கத்துக்கு அழகு.

நம் முன்னோர் இந்நகருக்கு வந்தபோது அவர்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு சம்பளம் ஒன்றே. அதைக் கொண்டு அவர்கள் நமக்குக் கல்வி தந்தனர். கல்வி தந்த துணிவை நாம் பிள்ளைகளிடமிருந்து பறித்தல் முறையன்று. எல்லோரும் தனித்தொழில் செய்ய வேண்டும் என்று நான் கூறவில்லை. செய்யும் ஒருவன் நம் நடுவே தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.